சாண எரிவாயுக் கலனைக் கைவிடுமுன் ஒரு சாக்பீஸ் கோடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் சாண எரிவாயு பற்றி வந்த கட்டுரை மானியம், கட்டுமானச் செலவு, மிச்சமாகும் சிலிண்டர் என்று பலதையும் சொன்னது. கட்டி முடித்த பிறகு நடப்பதை மட்டும் தொடவில்லை. எங்கள் கொங்குப் பக்கம் தோட்டத்து வீடுகளில், மண் மூடிய கலனின் டோம் (வளைந்த கூரை) மேல் பூசணிக்கொடி படர்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். கேட்டால் "அது ரிப்பேருங்க" என்பார்கள். ஆனால் அப்படிக் கிடப்பவற்றில் பல, அரை நாள் வேலையில் மீண்டும் எரியக்கூடியவை.

முதல் கோளாறு கட்டும்போதே நேர்கிறது. ஒரு கிலோ பச்சைச் சாணத்தில் சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். நாளுக்கு 2 கன மீட்டர் (2,000 லிட்டர்) வாயு தரும் கலனுக்கு அன்றாடம் 50 கிலோ சாணம் வேண்டும். நான்கைந்து மாடு கட்டுத்தரையில் நின்றால்தான் அது சேரும். அப்படிச் சேர்ந்தால் நாளொன்றுக்கு 850 கிராம் சமையல் எரிவாயுவுக்கு ஈடு, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றை 16, 17 நாளில் மிச்சம் பிடிக்கலாம். இரண்டு மாடு வைத்திருப்பவர் "பெரிதாகவே இருக்கட்டும்" என்று 2 கன மீட்டர் கட்டினால், பாதி அடுப்புதான் எரியும். அவருக்கு 1 கன மீட்டரே சரி. மாடு விற்ற வீட்டில் வாயு குறைந்தால் அது கலனின் குற்றம் ஆகாது.

அடுத்தது, கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது. நிலத்தடியில் டோம் வைத்துக் கட்டும் தீனபந்து மாதிரிக் கலனில் இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். டோமுக்குள் வாயு சேரச் சேர, அது சாணக் கரைசலை அழுத்தி, செரித்த கரைசல் வெளியே வரும் வெளியேற்றுத் தொட்டிக்குள் மேலே தள்ளும். அடுப்பு எரிய எரிய அந்த மட்டம் இறங்கும். இரவுச் சமையல் முடிந்ததும் மெயின் வால்வை மூடுங்கள். வெளியேற்றுத் தொட்டிச் சுவரில் கரைசல் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். விடியற்காலையில், புதுச் சாணம் ஊற்றுவதற்கு முன் பாருங்கள். மட்டம் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் கலன் நன்றாக இருக்கிறது. அடுப்பு எரியாததற்குக் காரணம் குழாயிலோ, வால்விலோ, பர்னரிலோதான். கோடு அப்படியே இருந்தால், ஒன்று வாயு உற்பத்தி நின்றிருக்கிறது, இல்லையேல் கசிகிறது. அப்போது தொட்டியின் கரைசலைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். குமிழி கிளம்பிக்கொண்டே இருந்தால் உள்ளே வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கின்றன; கசிவைத் தேடலாம். டோம் உச்சியில் குழாய் கிளம்பும் கழுத்து, வால்வு மூட்டு, ரப்பர் டியூப் முனை ஆகிய இடங்களில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை கட்டிக் காட்டிக்கொடுக்கும். தீக்குச்சி உரசிக் கசிவு பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

குழாயில் பெரும்பாலும் தண்ணீர்தான் எதிரி. சாண வாயு ஈரத்தோடுதான் வெளியே வரும். இரவுக் குளிரில் அந்த ஈரம் நீராகி, குழாய் தொய்ந்த இடத்தில் தேங்கும். சுவாலை ஒரே சீராக நிற்காமல் குதித்துக் குதித்து எரிந்தால் காரணம் அதுதான். குழாய் கலன் பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். முடியாத இடத்தில், தாழ்ந்த புள்ளியில் ஒரு T வடிவ இணைப்பும் சின்ன வால்வும் வைத்து வாரம் ஒருமுறை நீரை வடியவிடலாம். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினாலும் எரியாது. அதன் ஜெட் துளை (வாயு பீறிடும் சிறு துளை) சாண வாயுவுக்குப் போதாது.

உற்பத்தியே நின்றுவிட்டால், என்ன ஊற்றினோம் என்று யோசிக்க வேண்டும். கட்டுத்தரையைப் பினாயிலோ சோப்புத்தூளோ போட்டுக் கழுவிய தண்ணீர், மருந்து ஊசி போட்ட மாட்டின் சாணம், கல்யாண வீட்டு மிச்சச் சோறு மொத்தமாக, இவை மூன்றும் வழக்கமான காரணங்கள். சோறு போல எளிதில் புளிப்பவை அளவு மீறினால் அமிலம் கூடி, சாண வாயுவில் எரியும் பகுதியான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். கரைசலில் புளித்த வாடை அடிக்கும். சில நாள் எதுவும் ஊற்றாமல் விட்டு, பிறகு சாணத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பெரும்பாலும் திரும்பி வரும். சாணமும் நீரும் சம அளவு, கரைத்தால் தோசை மாவுப் பதம். வைக்கோல் தாள்களைக் கையாலேயே பொறுக்கிவிடுங்கள்; அவை மிதந்து ஆடை கட்டி வாயுவை மேலே வரவிடாது. மண் தரைச் சாணத்தில் மணல் அதிகம். கலவைத் தொட்டியில் சற்று நேரம் படியவிட்டு மேலாக உள்ளே விட்டால் கலனின் அடிவயிறு தூராமல் இருக்கும்.

கசிவை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் பணம் மட்டுமல்ல. மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போலச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். திறந்த குப்பைமேட்டில் காற்றோட்டம் இருப்பதால் சாணத்தில் சிறு பங்குதான் மீத்தேனாகிறது. காற்றுப்புகாத கலனுக்குள் நாமே முயன்று மீத்தேனை உண்டாக்குகிறோம். அதை எரிக்காமல் கசியவிட்டால், கலன் இல்லாமல் இருந்ததைவிடச் சூழலுக்குக் கேடு. ஊருக்குப் போய் வாரக்கணக்கில் வீடு பூட்டியிருந்தால் சாணம் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். டோம் கொள்ளாத வாயு வெளியேற்றுத் தொட்டி வழியாகத் தப்பிப் போகும்.

கலனுக்குள் யாரும் இறங்கக் கூடாது. தூர் வார என்றாலும், விழுந்தவரைத் தூக்க என்றாலும். உள்ளே ஆக்சிஜன் இருக்காது, ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கி இன்னொருவரும் சாகும் விபத்துகள் இப்படித்தான் நேர்கின்றன. கரைசலை வெளியிலிருந்தே இறைத்து, மூடிகளைத் திறந்து பல நாள் காற்றாடவிட்டு, அதன்பிறகு பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். சாணம் இருக்கும் வீடும் பால் ஊற்றும் வீடும் ஒன்றே என்பதால், ஊர்தோறும் இருக்கும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இதைக் கையில் எடுக்கலாம். சங்கத்துக்கு ஒருவருக்குப் பயிற்சி. அலமாரியில் இரண்டு பந்து வால்வு (ball valve), சில பர்னர் ஜெட், ரப்பர் டியூப், கிளாம்ப், ஒரு நீர்மட்ட அழுத்தமானி. பால் ஊற்ற வருகிறவர் "அடுப்பு குதிக்குதுங்க" என்று சொன்னால் அன்றைக்கே போய்ப் பார்க்கிற ஓர் ஆள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு மாவட்டம்.