மொறிஸ் மைனருக்கு ஆல்ட்டோ சீற்

இணுவில்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பின வொயிஸ் மெசேஜை அம்மா இரண்டு தரம் போட்டுக் கேட்டாள். "அப்பா, பிக்கப்பின்ர வடிவையே கெடுத்துப்போட்டீங்கள், ஒரிஜினல் சீற்றை ஏன் கழட்டினீங்கள்" என்று சொல்லியிருக்கிறாய். ஃபோனில் மறுமொழி சொல்ல வெளிக்கிட்டால் நீ இடையில் பாய்வாய், எனக்குக் கோபம் வரும், அம்மா ஃபோனைப் பறித்து மழையைப் பற்றிக் கதைப்பாள். அதனால் எழுதுகிறேன்.

நீ ரொறன்ரோவில் இருந்து படம் பார்க்கிறாய். விடிய ஐந்து மணிக்கு எங்கள் பழைய மொறிஸ் மைனர் பிக்கப்பில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போவது நான். அந்தச் சாரதிச் சீற்றின் இடது பக்கம் மூன்று அங்குலம் இறங்கிப்போய், ஒரு வருடமாக நான் கியர்ப்பெட்டிப் பக்கம் சரிந்துகொண்டுதான் ஓடினேன். வீட்டுக்கு வந்து இறங்கினால் நிமிர ஐந்து நிமிடம் வேண்டும். நாரிநோவுக்கு அம்மா எண்ணெய் தேய்த்த கணக்கு உனக்குத் தெரியாது.

அப்புறம், ஒரிஜினல் என்றாயே. 1959ஆம் ஆண்டு இங்கிலாந்தில் போட்ட சீற்றை நீ கண்ட ஞாபகமே உனக்கு இருக்காது. அதன் றப்பர் பட்டி 1991இல் அறுந்தது. அப்போது யுத்தம், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பற்றரி, உதிரிப்பாகம், பெற்றோல் ஒன்றும் ஒழுங்காக வராது. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடின காலம். சைக்கிள் ரியூப்பைப் பட்டி பட்டியாக வெட்டி, கட்டில் பின்னுகிற மாதிரிச் சட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் பின்னினேன். அதன் மேல் சாக்கு, சாக்கின் மேல் தேங்காய்த் தும்பு. நீ இவ்வளவு உருகுகிற அந்தச் சிவப்பு றெக்சின் உன் பெரியம்மா வீட்டு சோபாவில் உரித்தது. இதுதான் உன் ஒரிஜினல்.

1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில், யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த சனத்துக்குள் அடி அடியாக ஊர்ந்தபோது நான் இருந்ததும் அந்த ரியூப்பின் மேல்தான். உனக்கு ஏழு வயது, அம்மாவின் மடியில் நித்திரை. அதை நானும் மறக்கவில்லை. ஆனால் நாரிக்கு அது தெரியாதே.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் ஒரு பிழை விட்டேன். ஒரு ஜப்பான் காரின் சீற், பழசுதான், பார்க்கப் புதுசு மாதிரி, வாங்கிக்கொண்டு வந்தேன். கதவோரத்துக்கும் நடுவிலுள்ள கியர்ப்பெட்டி மேட்டுக்கும் இடையே 19 அங்குலம். சீற்றின் மெத்தையும் 19 அங்குலம். அளவு சரி என்று நினைத்தேன். முதுகைச் சாய்க்கிற பிடி வெளியே துருத்திக்கொண்டு நிற்பதை அளக்கவில்லை. தூக்கி வைத்துக் கதவைச் சாத்தினால் 'டக்' என்று பிடியில் இடித்துத் திரும்பி வருகிறது. அதோடு அடியில் மஞ்சள் பிளக் ஒன்று தொங்கியது. சீற்றின் பக்கத்திலேயே எயார்பாக் இருந்திருக்கிறது. கராஜ் பெடியன் மீற்றரை எடுத்துச் சோதிக்க வந்தான், கையில் அடித்து நிறுத்தினேன். அதுக்குள் வெடிக்கிற சாமான் இருக்கிறது, மீற்றரின் சின்னக் கரண்டே அதற்குக் காணும். விற்றவர் மனுசன், கொஞ்சக் காசைக் கழித்துத் திருப்பி எடுத்தார்.

இரண்டாம் தரம் அளவுநாடாவோடு போனேன். அகலத்திலும் உயரத்திலும் ஒத்துவந்தது சுசுகி ஆல்ட்டோ காரின் சீற். உயரம்தான் பெரிய வில்லங்கம். பழைய சீற்றில் நான் இருக்கும்போது தரையிலிருந்து ஒன்பதரை அங்குலம். புதுசின் மெத்தை இறுக்கம், அமுங்காது. சிலைடோடு அப்படியே வைத்தால் 12 அங்குலம் வருகிறது. மைனரின் ஸ்ரியரிங் சில்லு எவ்வளவு பெரிசு என்று உனக்குத் தெரியும்தானே. தொடை அதில் உரசி, கிளச்சில் காலை வைக்கவே முடியவில்லை. சிலைடைக் கழற்றி எறிந்தேன். ஓட்டுவது நான் ஒருவன்தான், முன்னே பின்னே தள்ள யார் இருக்கிறார்கள்? முன் கால்களைப் பின் காலைவிட அரை அங்குலம் உயர்த்தி வைத்தேன், பிரேக் அடித்தால் ஆள் முன்னுக்கு வழுக்காது. முதுகு சாயுமோ என்று கேட்காதே. பின்னால் நாலு விரல் இடைவெளியில் கபினின் சுவரும் கண்ணாடியும் நிற்கிறது. தலைதாங்கியையும் கழற்றிவிட்டேன், கண்ணாடியை மறைத்தது.

வெல்டிங்காரர் தரையோடு ஒட்டிவிடுவோம் என்று நின்றார். நான் விடவில்லை. அறுபது வருடத் தகடு, சூடு பட்டால் ஓட்டை விழும், ஒட்டின ஓரத்தால் கறள் ஏறும். நாலு துளை போட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று மில்லிமீற்றர் தகட்டில் மூன்று அங்குலச் சதுரம் வெட்டி வைத்தேன். மூலைகளை அரத்தால் உருட்டிவிட்டேன், கூராக இருந்தால் அதுவே தரையை வெட்டும். போல்ட் பத்து மில்லிமீற்றர், தலையில் உறுதியின் தரம் 8.8 என்று அடித்தது. துளை போட முன்னம் கீழே படுத்துப் பார்த்தது நல்லதாய்ப் போயிற்று. உள்பக்கப் பின் துளைக்கு நேர் கீழே பிரேக் குழாய் போகிறது! துளையை ஓர் அங்குலம் தள்ளினேன். மைனரில் பிரேக் மாஸ்ரர் சிலிண்டரும் சாரதியின் காலடித் தரைக்குக் கீழேதான், எண்ணெய் ஊற்றுகிற மூடியை மறைக்காமலும் பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது வண்டியில் இரண்டு சாதி நட்டு. பழையதெல்லாம் அங்குலக் கணக்கு, சீற் மட்டும் மில்லிமீற்றர். ஸ்பனர்ப் பையில் அரை அங்குலத்துக்குப் பக்கத்தில் 17ஆம் நம்பரும் கிடக்கிறது.

இடப்பக்கச் சீற்றைத் தொடவில்லை. பாசம் என்று நினைக்காதே, காசு ஒன்றுக்குத்தான் இருந்தது. கழற்றின சீற் விறாந்தையில் நாலு கல்லின் மேல் இருக்கிறது. அதில் இருந்துதான் அம்மா வெங்காயத் தாள் அரிகிறாள். கதிரையைவிட நல்லதாம்.

சீற் பெல்ற் பூட்டச் சொன்னாய், அது நியாயம். ஆனால் கதவுத் தூணின் வெறும் தகட்டில் போல்ட்டை இறுக்கினால் ஒரு இழுவையில் பிய்ந்து வரும். நட்டு ஒட்டின தடிப்பான தகடு உள்ளே வைக்க வேண்டும். பெல்ற் போல்ட் புதுக் கார்களிலும் அநேகமாக 7/16 அங்குலம்தான், யூஎன்எஃப் என்கிற நெருக்கமான அங்குலப் புரி. இங்கே இரண்டு கடையில் கேட்டேன், இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது அந்தத் தகட்டில் மூன்று கொண்டு வா. போல்ட்டும் சேர்த்து. பாரம் என்று சொக்லேற்றைக் குறை, அதைக் குறைக்காதே.

அன்புடன்,
அப்பா