ரீடரைத் திருப்பி அனுப்பும் முன்பு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் கார்டை வைத்தால் ஒன்றும் வருவதில்லை" என்ற குறிப்போடு ஆர்சி522 ரீடர்கள் (ஆர்டுயினோ போன்ற போர்டுகளோடு இணைத்து, தொடாமலே கார்டைப் படிக்கும் சிறு மாடியூல்கள்) எங்களுக்குத் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன. பழுதானதை மாற்றிக் கொடுப்பதில் எங்களுக்குத் தயக்கம் எதுவும் இல்லை. ஆனால் அப்படி வருபவற்றில் பல எங்கள் மேசையில் வைத்தவுடன் ஒழுங்காகக் கார்டைப் படிக்கின்றன. உங்களுக்குக் காத்திருப்பு, எங்களுக்கு வெட்டி வேலை. அதைத் தவிர்க்கத்தான் இந்த மடல்.

முதலில் அந்தச் சிவப்பு விளக்கை மறந்துவிடுங்கள். மின்சாரம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. சிப் செத்துப் போயிருந்தாலும் அது எரியும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ரீடர் தன் பதிப்பு எண்ணைச் சொல்கிறதா? ஆர்டுயினோவுக்கான எம்எஃப்ஆர்சி522 லைப்ரரியோடு (ரீடரை இயக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு) வரும் மாதிரி நிரல்களில் 'டம்ப்இன்ஃபோ' என்று ஒன்று இருக்கிறது. உங்கள் சொந்த நிரலை ஒதுக்கி வைத்துவிட்டு அதை ஆர்டுயினோ போர்டில் ஏற்றுங்கள். போர்டு அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரை 9600 வேகத்தில் திறங்கள். வேகம் பொருந்தாவிட்டால் கிறுக்கல் எழுத்துகள்தான் வரும். தொடக்கத்திலேயே பதினாறடிமான (ஹெக்ஸ்) எண் ஒன்று தெரியும். 91 அல்லது 92 என்றால் போர்டும் சிப்பும் பேசிக்கொள்கின்றன. 88 என்றால் அது ஒத்த வகைச் சிப். அதுவும் பெரும்பாலும் வேலை செய்யும். 00 அல்லது எஃப்எஃப் என்று வந்தால் இருவருக்கும் இடையே பேச்சே நடக்கவில்லை. அந்த நிலையில் கார்டை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. கார்டு வரைக்கும் விஷயம் இன்னும் போகவே இல்லை.

பேச்சு நடக்காததற்கு நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம் சால்டர், அதாவது ஈயப் பற்றவைப்பு. ரீடரோடு வரும் எட்டுப் பின் ஹெடர் (ஊசிகளின் வரிசை) தனியாகத்தான் வருகிறது. அதைத் துளைகளில் செருகி, பிரெட்போர்டில் குத்தி, சற்றுச் சாய்த்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பின் துளையின் ஓரத்தைத் தொடும், விலகும், மீண்டும் தொடும். ஐயம் இருந்தால் ரீடரின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போர்டின் ரீசெட் பொத்தானைச் சில முறை தட்டிப் பாருங்கள். ஒருமுறை 92, அடுத்த முறை 00, பிறகு எஃப்எஃப் என்று எண் ஆடினால் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. சால்டர் செய்தவர்களும் ஒரு பார்வை பார்க்கவும். ஈயம் பின்னைச் சுற்றிச் சரிந்து, பளபளப்பான சிறு கூம்பாக நிற்க வேண்டும். உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் கீழேயுள்ள செம்புத் தடம் போதிய அளவு சூடாகவில்லை. கொஞ்சம் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி மீண்டும் சூடாக்குங்கள்.

அடுத்தது கம்பி இணைப்பு. இந்தச் சிப்புக்கு எஸ்பிஐ, ஐ2சி, யூஏஆர்டி என்ற மூன்று தொடர்பு முறைகளும் தெரியும் என்பதால் பின்னின் மீது எஸ்டிஏ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து ஆர்டுயினோவின் ஐ2சி பின்னில் இணைத்துவிடாதீர்கள். இந்த மாடியூல் எஸ்பிஐ முறையில் பேசும்படி இணைக்கப்பட்டது. எஸ்டிஏ என்பது இங்கே சிப் தேர்வுக் கம்பி, அதாவது போர்டு எந்தக் கருவியோடு பேசுகிறது என்று சொல்லும் கம்பி. ஊனோ போர்டில் அது 10-க்கும், எஸ்சிகே 13-க்கும், மோசி 11-க்கும், மிசோ 12-க்கும், ஆர்எஸ்டி 9-க்கும் போகும். மெகா போர்டில் கணக்கு வேறு: எஸ்சிகே 52, மோசி 51, மிசோ 50, எஸ்டிஏ 53. சிப் தேர்வுக்கும் ரீசெட்டுக்கும் வேறு பின்களைக் கொடுத்தால் நிரலிலும் மாற்ற வேண்டும். மோசி மோசிக்குத்தான், மிசோ மிசோவுக்குத்தான். சீரியல் இணைப்பைப் போல இங்கே குறுக்காக மாற்றக் கூடாது. ஐஆர்கியூ பின் எதிலும் இணையாமல் சும்மா இருக்கட்டும். எஸ்டி கார்டு போன்ற இன்னொரு கருவி அதே கம்பிகளில் தொங்கினால் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ஜம்பர் கம்பிகள் ஒரு சாண் நீளத்துக்குள் இருப்பது நல்லது. புதிய கம்பியும் உள்ளே அறுந்திருக்கலாம். மல்டிமீட்டரின் பீப் ஒலியை மட்டும் நம்புங்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறோம்: 3.3 வோல்ட், அதற்கு மேல் வேண்டாம். இந்தச் சிப் தாங்கும் உச்சவரம்பே 4 வோல்ட்தான். 5 வோல்ட்டில் இணைத்த பிறகும் சில பிழைத்துக்கொள்கின்றன என்பது உண்மை. அது அதிர்ஷ்டம், ஆதாரமல்ல. ஊனோவின் சிக்னல் பின்களும் 5 வோல்ட்டில்தான் பேசுகின்றன. மேசைச் சோதனையில் பலர் நேரடியாகவே இணைக்கிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் கதவில் நிரந்தரமாகப் பொருத்தப் போகிறவர்கள் இடையில் சிக்னலை 3.3 வோல்ட்டுக்கு இறக்கும் லெவல் ஷிஃப்டர் ஒன்றை வைத்துவிடுங்கள்.

பதிப்பு எண் சரியாக வருகிறது, கார்டுதான் படவில்லை என்றால் இப்போது கார்டின் மீது ஐயப்படலாம். ஆர்சி522 பேசுவது 13.56 மெகாஹெர்ட்ஸில். அலுவலகக் கதவுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் கொடுக்கப்படும் கார்டுகளில் கணிசமானவை 125 கிலோஹெர்ட்ஸ் வகை. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நிரலை எத்தனை முறை திருத்தினாலும் அந்தக் கார்டு இந்த ரீடரில் படாது. என்எஃப்சி உள்ள கைப்பேசியின் பின்புறம் கார்டை வைத்துப் பாருங்கள். கைப்பேசி கண்டுகொண்டால் அலைவரிசை சரி. அதே அலைவரிசையிலும் வேறு தரத்தில் பேசும் கார்டுகள் உண்டு என்பதால், ரீடரோடு நாங்கள் அனுப்பிய வெள்ளைக் கார்டையும் நீலச் சாவிக்கொத்து வில்லையையும் வைத்தே முதல் சோதனையைச் செய்யுங்கள்.

வெள்ளைக் கார்டு படுகிறது, ஆனால் ஒட்டி வைத்தால்தான் படுகிறது என்றால் ரீடரின் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உலோகத் தகட்டின் மீது திருகி வைத்திருந்தால் ஆன்டெனாவின் புலத்தை அந்தத் தகடு அடக்கிவிடும். இடையில் ஃபெரைட் தாள் ஒன்றை வைக்கலாம்; இல்லையென்றால் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறலாம். ஆன்டெனாவின் ஏற்புத் திறனை லைப்ரரி வழியாக 33 டெசிபெலிலிருந்து 48 வரை உயர்த்தவும் வழியுண்டு. ஆனாலும் சில சென்டிமீட்டருக்கு மேல் இந்த ரீடரிடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு மீட்டர் தூரத்தில் படிக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு கருவி வேண்டும். அந்தத் தூரம் கேட்பவர்களுக்கு இந்த ரீடரை விற்க மாட்டோம்.

முதல் கார்டைப் படித்துவிட்டு அதன் பிறகு ஊமையாகிவிடும் ரீடர் அநேகமாக நல்ல ரீடர்தான். கார்டின் நினைவகத்தைத் திறவுகோல் கொடுத்துத் திறந்தால், வேலை முடிந்ததும் 'பிசிடி_ஸ்டாப்கிரிப்டோ1' என்ற கட்டளையை நிரலில் கொடுத்தாக வேண்டும். அதை விட்டுவிட்டால் ரீடர் பழைய உரையாடலிலேயே சிக்கியிருக்கும், அடுத்த கார்டைக் கவனிக்காது. எழுதிப் பழகுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 1கே (1 கிலோபைட் நினைவகம் உள்ள) கார்டின் நினைவகம் செக்டர்களாகவும், ஒவ்வொரு செக்டரும் நான்கு பிளாக்குகளாகவும் பிரிந்திருக்கும்; ஒவ்வொரு செக்டரின் நான்காவது பிளாக்கிலும், அதாவது 3, 7, 11 என்று போகும் எண்களில், திறவுகோல்கள் இருக்கின்றன. அங்கே தவறாக எழுதினால் அந்த செக்டர் பூட்டிக்கொள்ளும், கார்டை மாற்றித் தரச் சொல்லி எங்களிடம் கேட்க முடியாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் 00 அல்லது எஃப்எஃப் மாறவில்லை என்றால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். அனுப்பும்போது மூன்று விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள்: எந்தப் போர்டு, சீரியல் மானிட்டர் காட்டிய எண், ரீடருக்கு எந்தப் பின்னிலிருந்து மின்சாரம் கொடுத்தீர்கள் என்பது. கூடவே ஹெடரின் சால்டர் பக்கம் தெரியும்படி ஒரு தெளிவான படம். சால்டர் செய்திருக்கிறீர்கள் என்பதற்காக மட்டும் எந்த ரீடரையும் மறுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
தொழில்நுட்ப உதவிப் பிரிவு