ஆறு பேரிடமும் கணக்குக் கேளுங்கள்

ஆசிரியருக்கு (2025 ஜூன் 10 தேர்தலுக்கு முன் எழுதியது),

நியூஜெர்சி ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரை முடிவுசெய்ய 2025 ஜூன் 10-இல் நடைபெறும் உட்கட்சித் தேர்தல் குறித்த தங்கள் செய்தி, போட்டியிடும் ஆறு பேரில் டிரம்ப்பைக் கடுமையாக எதிர்ப்பவர் யார் என்பதிலேயே நின்றுவிட்டது. இது இந்தியாவில் உள்ளதைப் போன்ற நியமன ஆளுநர் பதவி அல்ல. பட்ஜெட்டின் தனித்தனி ஒதுக்கீடுகளை வெட்டவும், மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியை (அட்டர்னி ஜெனரல்) நியமிக்கவும் அதிகாரமுள்ள பதவி. எனவே நிர்வாகத் திறனே முதல் அளவுகோலாக இருக்க வேண்டும். மேயர்கள் ராஸ் பராக்கா (நியூவார்க்), ஸ்டீவன் ஃபுலப் (ஜெர்சி சிட்டி) ஆகியோரை அவர்களது நகர நிர்வாகத்தை வைத்து எடைபோடலாம். அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர்கள் மைக்கி ஷெரில், ஜோஷ் காட்ஹைமர் ஆகியோருக்கு அந்த உரைகல் இல்லை. அவர்களிடம் கூடுதலாகவே கேட்டாக வேண்டும்.

முன்பு பெரும்பாலான கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பகுதிகள்) உள்ளூர்க் கட்சியினர் ஆதரித்தவர்களின் பெயர்கள் வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் இருக்கும். பெயர்களைப் படிக்காமலே அவ்வரிசையை நானும் நிரப்பியதுண்டு (சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது). அந்த வசதி இம்முறை இல்லை. மே மாதம் வேலைநிறுத்தத்தால் மூன்று நாள் ரயில்கள் நின்றதை நினைவில் கொண்டு, மாநிலப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான நியூஜெர்சி டிரான்ஸிட்டுக்கான நிதியை எங்கிருந்து திரட்டுவார்கள் என்ற ஒரே கேள்வியை அறுவரிடமும் கேட்டு, பதில்களை அருகருகே வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், எடிசன், நியூஜெர்சி