மழைக்கு முன்னால் பணம் வரட்டும்

டெங்கு பரப்பும் கொசுக்களைக் கணக்கெடுக்கும் எங்கள் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி வழங்கும் அலுவலகத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். கோப்பு உங்களிடமே இருக்கிறது, அதனால் பின்னணியைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. போன வாரம் நீங்கள் அனுப்பிய கடிதத்துக்குத்தான் இந்தப் பதில். ஜூலை முதல் நவம்பர் வரை கொசு முட்டை எண்ணிக்கை ஏன் இல்லை, இரண்டாம் ஆண்டுத் தொகையில் பாதி ஏன் செலவாகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மீதியைத் திருப்பி அனுப்பவும் சொல்லியிருக்கிறீர்கள்.

ஏப்ரலில் வரவேண்டிய பணம் நவம்பர் 19ஆம் தேதி வந்தது. என் விளக்கம் இவ்வளவுதான்.

முந்தைய பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை ஏப்ரல் முதல் வாரமே அனுப்பிவிட்டேன். படிவம் மாறிவிட்டது என்று ஒருமுறை திரும்பி வந்தது. தணிக்கையாளர் முத்திரை தெளிவாக இல்லை என்று இன்னொரு முறை. பிறகு, கையெழுத்திட வேண்டியவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் மறுபேச்சில்லாமல் திருத்தி அனுப்பினேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க எட்டுப் பத்து நாள் போதும். என் படிவம் ஒரு மேசையில் கிடந்த ஆறு வாரத்தில் அதற்கு இரண்டு தலைமுறை பிறந்துவிடும். அப்படித்தான் தென்மேற்குப் பருவமழை வந்தது, பெய்தது, முடிந்தும் போயிற்று.

அல்சூருக்கும் மர்பி டவுனுக்கும் இடையிலுள்ள சந்துகளில் 60 வீடுகளில் பொறி வைத்திருந்தோம். கறுப்பு டப்பா, பாதித் தண்ணீர், உள்ளே சுற்றிலும் வடிதாள். பெண் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தாளின் ஈரத்தில் முட்டையிடும். வாரம் தவறாமல் தாளை எடுத்து வந்து எண்ணவேண்டும். எடுக்காமல் விட்டால் நாம் வைத்த டப்பாவே கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும். அதனால் ஆள் இல்லையென்றால் பொறியையும் எடுத்துவிடத்தான் வேண்டும்.

அந்த வேலையைச் செய்தவர் ஓர் அக்கா. சிவாஜிநகர்ப் பக்கம் வீடு. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஆனால் எந்த வீட்டில் ட்ரம்மை மூடிவைப்பார்கள், எந்த வீட்டில் சம்ப் மூடி உடைந்திருக்கிறது, யார் வீட்டு ஃப்ரிட்ஜின் பின்தட்டில் தண்ணீர் தேங்குகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தச் சந்துகளில் காவிரித் தண்ணீர் தினமும் வராது. பிடித்து வைக்காமல் யாராலும் முடியாது. "தண்ணியைக் கொட்டு" என்று சொல்லும் அதிகாரிக்குத் திறக்காத கதவு இவருக்குத் திறக்கும். தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் பேசி, "கொட்ட வேணாம்மா, துணி போட்டுக் கட்டு, நான் அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன்" என்பார். சொன்னபடி வருவார்.

ஜூன் வரைக்கும் போன ஆண்டு மீதியில் அவருக்குச் சம்பளம் கொடுத்தேன். ஜூலைக்கு என் கையிலிருந்து கொடுத்தேன். ஆகஸ்டில் பாதிதான் முடிந்தது. ஒருநாள் தாள்களைக் கட்டுக்கட்டாக மேசையில் வைத்துவிட்டு, "மேடம், வீட்டு வாடகை ரெண்டு மாசம் நிக்குது. கார்மென்ட்ஸ்ல கூப்பிடுறாங்க" என்றார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? ஜூலையிலும் ஆகஸ்டிலும் அவர் கொண்டுவந்த தாள்களை எண்ணுவதற்கு இருந்த திட்ட உதவியாளரும் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார். மற்ற வேலைகளுக்கு நடுவே நான் எடுத்து வைத்து எண்ணுவதற்குள் பல தாள்களில் பூஞ்சை பிடித்துவிட்டது. அந்த எண்ணிக்கையை நம்பகமானது என்று எழுத என் மனம் ஒப்பவில்லை. உங்கள் அட்டவணையில் காலியாக இருக்கும் கட்டங்கள் இவைதான்.

செப்டம்பரில் அந்த வரிசையில் மூன்று வீடுகளில் டெங்கு வந்தது. ஒரு பெண் குழந்தை ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தாள். பொறி இருந்திருந்தால் அவளைக் காப்பாற்றியிருப்பேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சந்தில் கொசு எந்த வாரத்தில் பெருகியது என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் எனக்கு இந்தத் திட்டத்தைக் கொடுத்தீர்கள். அந்த வாரம் எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வராது. போன மழையில் இட்ட முட்டையை டிசம்பரில் போய் எண்ண முடியாது. நவம்பரில் நீங்கள் அனுப்பிய பணத்தால் அதை வாங்க முடியாது.

ஆகவே கேட்கிறேன்: ஆண்டுத் தொகையை மே மாதம் முடிவதற்குள் கொடுங்கள்.

இந்தத் துறைக்கு நான் வந்ததே 2006இல் வேலூர் பக்கம் எங்கள் ஊரில் இதே ஏடிஸ் பரப்பும் சிக்குன்குனியா பரவியபோதுதான். என் அம்மா சுவரைப் பிடித்து நடந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். 1964இலேயே சென்னையிலும் வேலூரிலும் வந்து போன நோய் அது. பிறகு பல ஆண்டுகள் அடங்கியிருந்தது, நாமும் கவனிப்பதை விட்டுவிட்டோம். முனைவர் பட்டம் முடித்துப் பதினான்கு ஆண்டுகள், ஐந்து திட்டங்கள், ஐந்து ஒப்பந்தங்கள். என்னிடம் படித்த பிள்ளைகளில் கொசு ஆராய்ச்சியில் நீடிப்பவர் ஒருவர்தான். மற்றவர்கள் மருந்து நிறுவனங்களுக்குப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாகவே அறிவித்தது. இருந்தும் எங்கள் தெருவில் காய்ச்சல் என்றால் முதலில் வருவது கொசுப் புகை அடிக்கும் வண்டி. கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணி மறைவிலும் உட்கார்ந்திருக்கும் ஏடிஸைத் தெருவில் அடிக்கும் புகை எட்டாது. ட்ரம்முக்குள் இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் கொசுவுக்குள் டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வோல்பாகியா பாக்டீரியா ஏற்றிய கொசுக்களை விட்டு டெங்குவை 77 சதவீதம் குறைத்ததாக 2021இல் முடிவு வெளியிட்டார்கள். புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் அப்படிப்பட்ட கொசுவை உருவாக்கி வைத்திருக்கிறது. நாளைக்கு அதைப் பெங்களூரில் விட வேண்டுமென்றாலும், எந்தச் சந்தில் எத்தனை கொசு என்ற கணக்கு முதலில் வேண்டும். அந்தக் கணக்கைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம்.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான். மூன்றாம் ஆண்டுத் தொகையை மே மாதம் முடிவதற்குள் தயவுசெய்து கொடுங்கள். செலவாகாத இரண்டாம் ஆண்டு மீதியைத் திரும்பக் கேட்காமல், இந்த மழைக்கால வேலைக்குப் பயன்படுத்த அனுமதியுங்கள். புதிய படிவத்தில் சான்றிதழை நேற்றே அனுப்பிவிட்டேன். முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று இரண்டு பேரிடம் காட்டிப் பார்த்துக்கொண்டேன்.

டிசம்பரில் புதிதாக ஒரு பையனை அந்தச் சந்துகளுக்கு அனுப்பினேன். 60 வீடுகளில் 22 வீடுகளில்தான் உள்ளே விட்டார்கள். அக்காவிடம் பேசினேன். முதல் தேதி சம்பளம் நிச்சயம் என்றால் கார்மென்ட்ஸை விட்டு வருகிறேன் என்கிறார். டப்பாக்களைக் கழுவி அடுக்கி வைத்திருக்கிறோம். அவருக்கு நான் என்ன சொல்வது என்று மட்டும் மழை தொடங்குவதற்குள் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிதியில் வேலை செய்யும் ஆராய்ச்சியாளர்,
பெங்களூரு