நான்னோவின் தோழிகளுக்கு ஓர் ஊர் கொடுங்கள்

தாய்லாந்தில் பள்ளி மாணவிகளின் கதைகளைத் தொடர்களாக எழுதுபவர்களுக்கும் இயக்குபவர்களுக்கும்,

வணக்கம். பாங்காக்கில் சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு அருகே குடியிருக்கும் தமிழ்ப் பெண் நான். பள்ளிப் பள்ளியாகப் போய்த் தவறு செய்தவர்களைத் தண்டிக்கும் நான்னோ என்ற மாணவியின் கதையான 'கேர்ள் ஃப்ரம் நோவேர்' தொடரை 2018இல் வந்தபோதே பார்த்தேன். 2021இல் வந்த இரண்டாம் பருவத்தின் எட்டு அத்தியாயங்களையும் இரண்டே இரவுகளில் முடித்தேன். மாணவிகளைச் சீரழிக்கும் ஆசிரியரைக் காட்டினீர்கள். பெண்களைக் கர்ப்பமாக்கிக் கைவிட்டவன் தானே வயிறு பெருத்து நிற்பதைக் காட்டினீர்கள். அந்தத் துணிச்சல் உங்களிடம் இருப்பதால்தான் கேட்கத் தோன்றுகிறது.

நான்னோ எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. பழிதீர்க்க வருபவள், அவளுக்கு ஊர் வேண்டாம். அவளைச் சுற்றியிருக்கும் பெண்களுக்குமா ஊர் வேண்டாம்? உங்கள் தொடர்களில் தவிக்கும் பெண்கள் பெரும்பாலும் ஒரே பாங்காக் பேச்சு பேசுகிறார்கள், ஒரே வெளிர்நிறத்தில் இருக்கிறார்கள்.

எங்கள் தெருமுனையில் சோம் தம் என்ற பப்பாளிக்காய்ச் சாலட் விற்கும் அம்மா ஈசான்காரர். நாம் ஈசானிய மூலை என்கிறோமே, அதே சொல்தான், நாட்டின் வடகிழக்கு. பெற்றோர் பிழைப்புக்காக நகரத்துக்கு வந்துவிட, மகள் பன்னிரண்டு வயதுவரை பாட்டியிடம் வளர்ந்தாள். உரலில் பப்பாளியை இடித்துக்கொண்டே அம்மாவிடம் ஈசான்காரர்களின் லாவோ மொழியில் பேசுவாள். பள்ளித் தோழி யாராவது வந்துவிட்டால் அந்த நொடியே பேச்சு மாறிவிடும். வாடை வீசும் பிளா ரா என்ற ஊறவைத்த மீன் ஜாடியைக் காலாலேயே மேசைக்கு அடியில் தள்ளிவிடுவாள். அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. தன் அம்மாவின் பேச்சு சின்னத்திரையில் வேலைக்காரிக்கும் கோமாளிக்கும்தான் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த பெண் வேறென்ன செய்வாள்?

தெற்கே பட்டாணி, யாலா, நராதிவாட்டில் வீட்டில் மலாய் பேசும் முஸ்லிம் மாணவிகள் இருக்கிறார்கள். அங்கே பிரிவினைக் கிளர்ச்சி வெடித்த 2004இலிருந்து குண்டுச் சத்தத்துக்கும் சோதனைச் சாவடிகளுக்கும் நடுவே ஒரு தலைமுறையே படித்து முடித்துவிட்டது. புத்தக் கோயில் நிலத்தில் இருக்கும் பள்ளிக்கு முக்காடு அணிந்து போகலாமா என்று 2018இல் பட்டாணியில் பெரிய தகராறே நடந்தது. வடக்கே குடியுரிமை இல்லாத மலைவாழ் மாணவிகள். நாடற்ற சுமார் 4.8 லட்சம் பேருக்குக் குடியுரிமையும் நிரந்தர வசிப்புரிமையும் பெறும் வழியைச் சுலபமாக்க 2024 அக்டோபரில்தான் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. வகுப்பே சுற்றுலா கிளம்பும் நாளில், மாகாண எல்லை தாண்ட அனுமதிச் சீட்டுக்காக அலுவலக வாசலில் நிற்கும் ஆக்கா என்ற மலைவாழ் இனத்துப் பெண் ஒருத்தியை வைத்து நீங்கள் எவ்வளவு நல்ல அத்தியாயம் எடுக்கலாம்!

திருநங்கை மாணவியும் சிரிப்புக்காகத்தான் வருகிறாள். 2025 ஜனவரியில் எல்லோருக்கும் திருமண உரிமை தந்த நாடு இது. ஆனாலும் அடையாள அட்டையில் அவள் இன்னும் 'திரு'தான்.

எங்களையும் சொல்லிவிடுகிறேன். மலாய்க்காரர், தமிழர், வங்காளி எல்லோருக்கும் இங்கே ஒரே சொல்: 'கேக்'. விருந்தாளி என்று பொருள். எங்கள் கோயிலுக்கே 'வாட் கேக்' என்றுதான் பெயர். என் மகள் இந்த ஊரில் பிறந்தவள். வகுப்பில் அவளை இன்றும் விருந்தாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஒப்புக்கு ஒரு முகத்தைக் கடைசி வரிசையில் உட்காரவைக்க வேண்டாம். எழுதும் மேசையில் ஈசான் பெண்ணையும் பட்டாணிப் பெண்ணையும் உட்காரவையுங்கள். லாவோ வசனம் லாவோவிலேயே வரட்டும், கீழே எழுத்து ஓடட்டும். பாங்காக்காரர்கள் வாசித்துக்கொள்வார்கள்.

நேற்று அந்தச் சோம் தம் பெண்ணிடம், உன்னை நடிக்கக் கூப்பிட்டால் போவாயா என்று கேட்டேன். உலக்கையை நிறுத்திவிட்டு, "எந்தப் பேச்சுல பேசணும் அக்கா?" என்றாள். அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும்?

இப்படிக்கு,
சீலோமிலிருந்து உங்கள் ரசிகை