கேப்டன்கிட்ட நீதான் பேசணும்

டேய் மச்சான்,

வீட்ல எல்லாரும் சௌக்கியமா? இங்க நல்லாருக்கோம், பொண்ணு பத்தாவது, மத்தத அப்புறம் சொல்றேன். இப்ப எழுதுறது நம்ம கேப்டன் விஷயமா.

போன வருஷம் "சின்னப் புண்ணு, எடுத்தாச்சு"ன்னு உனக்குப் போன்ல சொன்னான்ல, அது பாதிதான்டா, அது நாக்குக் கேன்சர். நாக்கு ஓரத்துல இருந்தது 2 செ.மீ. கூட இல்ல, ஆனா ஆழம் 7 மி.மீ. இறங்கியிருந்துச்சு. முன்னல்லாம் அகலத்த மட்டும் பாத்து டி1, அதாவது கட்டியோட முதல் படின்னு போட்டிருப்பாங்க, 2018லேர்ந்து ஆழத்தையும் சேத்துட்டாங்க, 5 மி.மீ. தாண்டினா டி2. அதோட கழுத்து நெறில ஒண்ணுல பரவியிருந்துச்சு, அந்த ஒண்ணே போதும் மூணாவது ஸ்டேஜ். நெறிய உடைச்சுக்கிட்டு வெளிய வந்திருந்தா நாலாம்.

இந்த நெறி விஷயம் ஆபரேஷனுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி கழுத்துல கைக்கு எதுவும் தட்டுப்படல, ஸ்கேன்லயும் இல்ல, அப்புறம் ஏன் அங்கயும் கத்தி வைக்கணும்னு அவங்கம்மா அழுதாங்க. டாக்டர்தான் பொறுமையா சொன்னார், மும்பை டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி ஆராய்ச்சி 2015ல வந்துச்சாம், ஆரம்பத்துலயே கழுத்தையும் சேத்து எடுத்தவங்கள்ல மூணு வருஷம் கழிச்சு 80 சதவீதம் பேர் உயிரோட, கட்டி வந்தா பாத்துக்கலாம்னு விட்டவங்கள்ல 67.5. கேட்டதும் அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க.

ரேடியேஷன் ஆறு வாரம், ரசஞ்சோறுகூட எரிஞ்சுது, எல்லாத்தையும் தாங்குனான். இப்பதான் பிரச்சனை. செக்கப்புக்கு வரமாட்டேங்குறான், நல்லாதான இருக்கேன்ங்குறான். திரும்பி வர்றது பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷத்துக்குள்ளதான்டா, அதே எடத்துலயோ கழுத்துலயோ, சீக்கிரம் கண்டுபுடிச்சா மறுபடி ஆபரேஷன் பண்ணலாம், ஏற்கனவே ரேடியேஷன் வாங்குன எடத்துல திரும்பக் குடுக்குறது ரொம்பக் கஷ்டம். இதுல பாக்கு வேற திரும்ப ஆரம்பிச்சிருக்கான், புகையிலை இல்ல வெறும் பாக்குதானேன்னு வியாக்கியானம். வெறும் பாக்கே கேன்சர் உண்டாக்கும்னு எழுதியே காட்டிட்டேன், கிழிச்சுப் போட்டான் கழுத.

உன் போன எடுக்காததுக்குக் கோவிச்சுக்காத. பேச்சு கொஞ்சம் குழறுது, "ர" வரமாட்டேங்குது. மைக்கப் புடிச்சா விடாத ஆளு, இப்ப யார்கூடவும் பேச வெக்கப்படுறான். எனக்கு அதப் பாக்கத்தான் தாங்கல.

திருச்சி மேட்டருக்கப்புறம் அவன் மதிக்கிறது உன் ஒருத்தன் பேச்சத்தான். மெசேஜ் போடாத, அவங்கம்மா நம்பருக்கு அடி, அவங்க குடுப்பாங்க, அவன் மெதுவாப் பேசட்டும், நடுவுல நீ எடுத்துக் குடுக்காத. வியாழக்கிழமை காலைல செக்கப்புக்கு நான் வண்டியோட போய் நிக்கிறேன், புதன் ராத்திரிக்குள்ள பேசிடு.