லாடத்துக்கு மேல் ரப்பர் வைத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில், கொடைக்கானலுக்கு வந்துபோன ஒரு சகோதரி எழுதியிருந்ததைப் படித்தேன். ஏரிச் சாலையில் சவாரிக் குதிரைகளின் இரும்பு லாடம் தார் ரோட்டில் அடிக்கிற சத்தம் நெஞ்சைப் பிசைந்ததாம். எல்லாக் குதிரைக்கும் லாடத்துக்கு அடியில் ரப்பர் மெத்தை வைக்க வேண்டும், அதற்கு அரசு உத்தரவு போட வேண்டும் என்கிறார். நல்ல மனசு. நான் 38 வருஷமாக லாடம் கட்டுகிறவன். அந்த ஏரிச் சாலையில் நடக்கிற குதிரைகளில் பாதிக்கு மேல் என் கை ஆணிதான். அதனால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். மெத்தை லாடத்துக்கு அடியில் வராது. குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவில் வைத்து, இரண்டையும் சேர்த்துத்தான் ஆணி அடிப்போம். நாங்கள் அதைப் பேடு என்போம். தோலிலும் இருக்கிறது, பிளாஸ்டிக்கிலும் இருக்கிறது, ரப்பரிலும் இருக்கிறது. குளம்பின் அடிப்பரப்பை, அதாவது உள்ளடியை, முழுவதும் மூடுவது ஒரு வகை. லாடத்தின் வளைவிலேயே வெட்டி, விளிம்புக்கு மட்டும் வைப்பது இன்னொரு வகை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் உத்தரவு போட்டால் குதிரைதான் அவதிப்படும்.

இன்னொன்று. பேடு வைத்தால் குதிரை வழுக்காது என்றும் அந்தக் கடிதத்தில் இருந்தது. எப்படி வழுக்காமல் இருக்கும்? ரோட்டில் படுவது அப்போதும் இரும்புதானே. ரப்பர் அதற்கு மேலே இருக்கிறது. அந்தக் காலத்தில் வெளிநாட்டு நகரங்களில் கல் பாவிய தெருவில் வண்டிக் குதிரைகளுக்கு ஒரு பேடு வைத்தார்கள். அதில் ரப்பர் லாடத்துக்குக் கீழேயும் புடைத்துக்கொண்டு தரையைத் தொடும். அது வழுக்கலைப் பிடிக்கும். இப்போது கடையில் வருகிற தட்டையான பேடு அதிர்ச்சியைக் குறைக்கும், கல் குத்தாமல் காக்கும், அவ்வளவுதான். வழுக்கலுக்கு வேண்டியது லாடத்தில் கடினமான முனை வைத்த ஆணி, அல்லது அடியிலேயே ரப்பர் ஒட்டிய லாடம். அதுவும் முனை அதிகமானால் கால் தரையில் கவ்விக்கொண்டு மூட்டு திருகும். எல்லாம் அளவு.

இனி என் தப்பைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறவன் தன் கதையையும் சொல்ல வேண்டும் இல்லையா.

2004 என்று நினைவு. ஒரு குதிரைக்காரர் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த செவலைப் பெட்டை ஒன்றை வாங்கி வந்திருந்தார். பார்க்க ராணி மாதிரி இருக்கும். காலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளடி சப்பையாக, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்குகிற அளவு மெலிசு. பந்தய ஜாதிக் குதிரைகளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். நம்ம மட்டக் குதிரையின் குளம்பு கல்லு மாதிரி, அதற்கு இந்தத் தொல்லை குறைவு. செவலை ஜல்லியில் கால் வைத்தாலே முன்னங்காலைச் சுருக்கும். அப்போது மலையில் பேடு ஏது? நான் பழைய லாரி ட்யூப் ரப்பரை லாடத்தின் அளவுக்கு வெட்டி, முன்னங்கால் இரண்டுக்கும் முழுசாக மூடி அடித்துவிட்டேன். அடுத்த நாளே குதிரை நேராக நடந்தது. குதிரைக்காரர் எனக்கு டீ, வடை எல்லாம் வாங்கிக் கொடுத்தார். நானும் பெரிய டாக்டர் மாதிரி நடந்துகொண்டேன்.

இது செப்டம்பர் கடைசி. ஐந்து வாரத்தில் கழற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். நடுவில் பூஜை விடுமுறை, தீபாவளி விடுமுறை, சவாரி நிற்கவில்லை. ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. நானும் தேடிப் போகவில்லை. ஒன்பதாவது வாரம் ஆள் வந்து கூப்பிட்டார். கொட்டகையில் செவலை இடது முன்னங்காலை நீட்டி, நுனியை மட்டும் தரையில் வைத்து நின்றது. குளம்பில் கை வைத்தால் இட்லிப் பானை மூடி மாதிரிச் சூடு. கணுக்காலின் பின்பக்கம் விரல் வைத்தால் நாடி துள்ளியது.

ஆணியை ஒவ்வொன்றாக முறித்து லாடத்தை நெம்பினேன். முதலில் வந்தது நாற்றம். அப்புறம் ரப்பரும் உள்ளடியும் ஒட்டிய இடத்தில் மணலும் சாணியும் ஈரத்தில் இறுகி, சிமெண்ட் பில்லை போல ஒரே வார்ப்பாக வந்தது. அந்தப் பில்லையின் மேல்தான் 400 கிலோ குதிரை ஒன்பது வாரமாக நடந்திருக்கிறது. குளம்பின் நடுவில் முக்கோணமாக, மெத்தென்று ஒரு பகுதி உண்டு. ஆங்கிலத்தில் அதற்குத் தவளை என்று பேர் வைத்திருக்கிறார்கள், ஏன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அது கறுத்து, கத்தி பட்டாலே பழைய பாலாடைக்கட்டி மாதிரி உதிர்ந்தது. ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. கால்நடை மருத்துவர் வந்து அதைக் குடைந்ததும் கறுப்பாகச் சீழ் பீறிட்டது. டெட்டனஸ் ஊசி போட்டார். குதிரைக்கு அந்த நோய் வந்தால் பிழைப்பது கஷ்டம். தினம் இரண்டு வேளை வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைத்து, தவிட்டு ஒத்தடம் கட்டி, ஏழு வாரம் சவாரி இல்லை. குதிரைக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் சென்னையில் பந்தயக் குதிரைகளுக்கு லாடம் கட்டுகிற பெரியவர் ஒருவரிடம் போய் ஒழுங்காகக் கற்றேன். பேடு வைக்கும் முன் உள்ளடியைச் சுத்தம் செய்து, உலரவிட்டு, சணலில் பைன் மரத் தார் தோய்த்து இடுக்கெல்லாம் அடைக்க வேண்டும். இப்போது அதற்குச் சிலிக்கான் பசையும் வருகிறது. இடம் காலியாக இருந்தால் குதிகால் பக்கமாக மணல் ஏறும், தண்ணீர் ஏறும். ரொம்ப அழுத்தி அடைத்தாலும் உள்ளடி நோகும். பேடின் கனம் சேர்வதால் ஆணி ஒரு அளவு நீளமாக வேண்டும். குளம்பு ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பக்கம் கொஞ்சம் விரிந்து சுருங்கும், அதனால் ஆணியைக் குளம்பின் முன்பாதியோடு நிறுத்த வேண்டும். பேடு மெத்தென்று இருப்பதால் ஒவ்வொரு மிதிக்கும் லாடம் சற்று அசையும், ஆணித் துளை பெரிதாகும். ஆக, பேடு வைத்த குதிரையைச் சாதாரண லாடக் குதிரையைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். நடப்பதோ தலைகீழ். பேடு இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள்.

குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். லாடம் தேயவில்லை என்பதால் அப்படியே விட்டால் நுனி நீண்டு, குதிகால் சாய்ந்து, நரம்பெல்லாம் இழுக்கும். அதனால்தான் ஐந்து, ஆறு வாரத்தில் கழற்றிச் சீவிக் கட்டச் சொல்கிறோம். இங்கே சீசன் நேரத்தில் எட்டு, பத்து வாரம் போகிறது. அந்தக் குதிரைக்கு நீங்கள் தங்கத்தில் பேடு வைத்தாலும் பிரயோசனம் இல்லை.

ஏரியைச் சுற்றுகிற ஐந்து கிலோமீட்டர் தார் ரோட்டுக்கு என் அனுபவத்தில் விளிம்பு பேடே போதும். உள்ளடி திறந்திருப்பதால் குதிரைக்காரரே தினம் கொக்கியால் நோண்டி, மோந்து பார்க்கலாம். அதிர்ச்சி எல்லாவற்றையும் பேடு வாங்கிக்கொள்ளாது. நடையை விட்டு ஓட்டத்துக்குப் போனால் அடி பல மடங்கு. செல்ஃபிக்காகத் தார் ரோட்டில் குதிரையை ஓட்டச் சொல்கிற பயணிகள் இதை யோசிக்கலாம்.

வெள்ளகவி மாதிரி ரொம்பக் காலம் ரோடே இல்லாமல் இருந்த ஊர்களுக்குப் பொதி ஏற்றிப் போகிற குதிரைகள் கதை வேறு. அந்தப் பாதை முழுக்கக் கூர்ங்கல். அங்கே வெயில் காலத்தில், உள்ளடி நொந்த குதிரைக்கு முழுப் பேடு வைத்து நானே நல்ல பலன் பார்த்திருக்கிறேன். மழை தொடங்கினால் கழற்றிவிடுவேன். கொடையின் ஈரத்தில் மூடிய குளம்பு அழுகும்.

இதை எப்படி ஒரே உத்தரவில் எழுதுவீர்கள்? வண்டி இழுக்கிற, பொதி சுமக்கிற விலங்குகளை வதைக்கக் கூடாது என்று 1965-இல் வந்த விதிகளே இருக்கின்றன. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று. சவாரிக் குதிரைக்கும் அதே நாலு கால்தானே. மே மாதம் அதை எண்ணுகிறவர் யார்?

பேடு வாங்கப் பணம் ஒதுக்குவதானால், அதில் பாதியை லாடக்காரனுக்கு ஒதுக்குங்கள் என்பது என் கோரிக்கை. கால்நடைத் துறை ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஏரிக்கரையில் ஒரு நாள் முகாம் போடட்டும். லாடத்தைக் கழற்றி மருத்துவர் பார்க்கட்டும். எந்தக் காலுக்குப் பேடு, எதற்கு வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்யலாம். இந்த மலையில் இந்த வேலை தெரிந்தவர்கள் என்னைச் சேர்த்து மூன்று பேர். இளையவருக்கே 52 வயது. இரண்டு பையன்களுக்கு உதவித்தொகை கொடுத்தால் நான் சம்பளம் கேட்காமல் கற்றுத் தருகிறேன்.

அந்தச் சகோதரிக்கு ஒன்று. அடுத்த தடவை வரும்போது சவாரி ஏறும் முன் குதிரைக்காரரிடம் ‘கடைசியாக லாடம் கழற்றிக் கட்டியது எந்தத் தேதி’ என்று கேளுங்கள். தேதி சொன்னால் ஏறுங்கள். தலையைச் சொறிந்தால் அடுத்த குதிரையைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு லாடத் தொழிலாளி,
நாயுடுபுரம், கொடைக்கானல்.